உங்கள் தங்கை நலம்

ஜனவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். உன் சர்க்கரை, அண்ணியின் இடுப்பு வலி எல்லாம் எப்படி இருக்கின்றன? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இப்படி நான் எழுதினாலே உனக்குப் புரிந்துவிடும், வேறெதற்கோ ஏதோ இருக்கிறது என்று.

வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். ஒரு பெட்டி, ஒரு பை. எத்தனை நாள் என்று கேட்காதே. நேரில் சொன்னால் அண்ணி அழுவாள், அவளைப் பார்த்து நானும் அழுவேன், சொல்ல வேண்டியது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வீட்டை அவர் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்து, ஓவியக்கூடமாக்கப் போவது உனக்குத் தெரியும். மாடியில் பின்பக்கம் இரண்டு அறை எங்களுக்கு. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு, நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடப் போகிறது? படங்களைப் பராமரிக்க ஒரு பெண்ணை வைத்தார். நல்ல பெண், படித்த பெண். வெளிச்சம் பட்டால் வண்ணம் வெளுக்கும் என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டினாள். சரி என்றேன். ஈரம் ஆகாது என்று ராப்பகலாக ஏசியை ஓடவிட்டாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். எண்ணெய் காய்ந்தால் புகை படங்களில் படியும் என்றாள். அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் தகர ஷெட்டுக்குப் போனேன்.

போன வாரம் ஆட்கள் வந்து வீட்டுச் சாமான் ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினார்கள். நான் தலை வாருகிற கண்ணாடி 212. என் நாற்காலி 213. அதில் நான் உட்கார்ந்திருந்தேன், அண்ணா. "அம்மா, கொஞ்சம் எழுந்திருங்க"ன்னார்கள். எழுந்தேன். அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. நான் மறுபடி உட்காரலாமா என்று எண் ஒட்ட வந்த ஆளைத்தான் கேட்டேன்.

கிளம்புவதை அவரிடம் சொல்லப் போவதில்லை. நீயும் சொல்லக் கூடாது. நான் அங்கே இருப்பதாக ஓர் எழுத்துகூட அவருக்கு எழுதாதே. அவர் என்றைக்குத் தன் கையால் "அவள் வீட்டில் இல்லை" என்று உனக்கு எழுதுகிறாரோ, அன்றைக்கே நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. நீயும் எனக்கு ஒன்று கொடு. ஒருமுறை உள்ளங்கை அகலத்தில் ஒரு படம் காணாமல் போனதற்குப் போலீசுக்கு ஆறு பக்கம் எழுதினார். எனக்கு ஒரு வரி போதும்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தங்கை

ஜனவரி 21

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

தாங்களும் அக்காவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நான் நலம். உங்கள் தங்கை நலம். போனில் எனக்கு இப்போதெல்லாம் காது பிடிபடுவதில்லை. அதனால்தான் கடிதம்.

ஒரு வேலையாக எழுதுகிறேன். வீட்டின் சுவரையும் தரையையும் புதுப்பிக்க மூன்று மாதமாகும் என்கிறார்கள். அதுவரை நூற்று நாற்பது படங்களையும் வேறிடத்தில் வைக்க வேண்டும். மரப்பெட்டிகள் தேவை. பெரிய கம்பெனிகள் வந்தன. வழவழப்பான காகிதத்தில் பெட்டியின் படம் போட்டுக் காட்டினார்கள். ஆனால் நீங்கள் செய்த பெட்டி என்றால்தான் எனக்குத் தூக்கம் வரும். எங்கள் சோப்புத் தொழிற்சாலைக்கு இருபது வருஷம் பெட்டி கொடுத்தீர்கள். ஒன்றுகூட வழியில் வாய் பிளந்ததில்லை.

மற்றபடி சொல்ல அதிகமில்லை. காலை ஏழு மணிக்கே வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவருக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை, ஒருவருக்கு ஆபரேஷன், ஒருவருக்கு மகளின் படிப்பு. எல்லாம் நியாயமான தேவைதான். கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது மணி இரண்டாகிவிடுகிறது. தொழிற்சாலையை விற்றபோது இனி ஓய்வு என்று நினைத்தேன். எடுப்பதைவிடக் கொடுப்பதற்கு அதிக ஆள் வேண்டியிருக்கிறது.

உங்கள் தங்கை உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

ஜனவரி 30

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். என் சர்க்கரை மட்டும் நான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உங்கள் காதை டாக்டரிடம் காட்டுங்கள். ஊருக்கெல்லாம் கண் ஆஸ்பத்திரி கட்டினவர் சொந்தக் காதுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று சட்டமா?

பெட்டி விஷயம். படம் என்ன விலை, வரைந்தவர் யார் என்று பக்கம் பக்கமாக ஒரு பட்டியல் வந்தது. அது எனக்கு வேண்டாம். ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, சட்டத்தோடு சேர்த்து நீளம் அகலம் கனம் எவ்வளவு, அதைச் சொல்லச் சொல்லுங்கள். தேங்காய் என்றாலும் தெய்வம் என்றாலும் பெட்டிக்கு ஒன்றுதான். ஆறு மாதம் காய்ந்த பலகை என்னிடம் இருக்கிறது. பச்சை மரத்தில் அடித்தால் பால் கசிந்து உங்கள் படத்தில் புதுசாக ஒரு ஓவியம் வரைந்துவிடும். அளவெடுக்க என் பழைய தச்சரை அனுப்புகிறேன். அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பார்.

எங்கள் வீட்டில் மூன்று வாரமாக ஒரு விருந்தாளி. நெருங்கின சொந்தம். எத்தனை நாள் தங்கல் என்று கேட்டால் கோபம் வருகிறது. மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. விடிந்ததும் வீட்டிலிருக்கிற ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அவ்வளவுதான்.

தங்கையை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அறைக்கு வெளியே நின்று சொல்லாமல், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள்
மச்சான்

பிப்ரவரி 24

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

சர்க்கரை குறைந்ததா? நான் சுமார். உங்கள் தங்கை நலம்.

அளவுகள் உங்கள் தச்சரிடம் கொடுத்தாயிற்று. பொறுமையான மனிதர். கூடத்துச் சுவருக்கு வெளிர் சாம்பல் நிறம் முடிவாகியிருக்கிறது. உங்கள் தங்கைதான் தேர்ந்தெடுத்தாள். எனக்கு இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாம் என்று ஆசை. ஆனால் வீட்டு விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது உங்களுக்குத் தெரியுமே.

பெட்டிக்காகப் படங்களை இறக்கும்போது நான் வாங்கிய முதல் படம் கைக்கு வந்தது. இருபத்து நாலு வயதில், ஒரு ரயில் நிலையத்தின் எதிரே வாங்கியது. மழையில் நனைந்த ஒரு மாட்டுவண்டி. அப்பாவுக்குப் பயந்து ஆபீஸ் மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. "இதைப் பாக்கற நேரத்துல ஒரு கட்டி சோப்பு வெட்டலாம்ப்பா"ன்னார். அவ்வளவுதான். அவர் காலமான பிறகு நான் வாங்கித் தள்ளிய படங்களையெல்லாம் கூட்டினால், அந்த ஒரு வாக்கியத்துக்கு முப்பது வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. இப்போது எந்தப் படத்தையும் நான் பார்ப்பதில்லை. கணக்கெடுப்பு சரியா, பூச்சி அரிக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

உங்கள் விருந்தாளி எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். நல்ல இடத்தில்தான் இருக்கிறார். வயதானவர்களுக்கு ராத்திரியில் கால் குடையும். வெந்நீர்ப் பை இருந்தால் கொடுங்கள். கேட்க மாட்டார்கள், நாமாகத்தான் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 8

மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகம். விருந்தாளிக்கு வெந்நீர்ப் பை வாங்கிக் கொடுத்தேன். "இது யார் சொன்னது?"ன்னு கேள்வி வந்தது. எனக்கே தோன்றியது என்றேன். நம்பவில்லை.

எண்பது பெட்டி லாரியில் ஏற்றியாயிற்று. மிச்சம் பதினைந்து நாளில் வரும். மூடியின் திருகாணியை முடுக்குகிற வேலையை என் ஆள்தான் செய்ய வேண்டும். உங்கள் டிரஸ்ட் ஆட்கள் கை வைக்க வேண்டாம். பாட்டில் மூடி போலத் திருகிவிடுவார்கள்.

தச்சர் திரும்பி வந்து, வழக்கமாக வாயைத் திறக்காதவர், அன்றைக்குத் திறந்தார். "ஐயா ஒரு மூலையில உக்காந்து பன்னை டீயில தோய்ச்சுத் தின்னுக்கிட்டு இருந்தாருங்க. மூணு நாளும் அதேதான். அம்மா எங்கன்னேன். உள்ள இருக்காங்கன்னாரு. பின்னால ஷெட்டுல அடுப்பு மேல ஒட்டடை தொங்குது. உள்ள யாரு இருந்து என்னத்தைச் சமைக்கிறாங்கன்னு எனக்கு வெளங்கலை."

எனக்கும் விளங்கவில்லை.

மாப்பிள்ளை, நான் கோணிச் சாக்கு பொறுக்கிக் கழுவி விற்றுத் தொழிலுக்கு வந்தவன். படிப்பு ஆறாம் வகுப்பு. உங்களுக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கில்லை. ஆனால் ஒன்று தெரியும். சரக்கு மழையில் நனைந்துவிட்டால், நனைந்துவிட்டது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வாங்குகிறவர் கத்துவார், கொஞ்சம் தள்ளுபடி கேட்பார், முடிந்தது. மூடி மறைத்துக் குடோனில் வைத்தால் பூஞ்சை பிடித்து மொத்தமும் போய்விடும். எனக்கு அப்படி ஒருமுறை போயிருக்கிறது.

சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நான் கத்துகிற ஆள் இல்லை. அது உங்களுக்குத் தெரியும்.

மச்சான்

மார்ச் 12

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

பெட்டிகள் வந்து சேர்ந்தன. 31ஆம் பெட்டி இரண்டு அங்குலம் சிறியது. மற்றவை சரியாக இருக்கின்றன. மீதியை மாதக் கடைசிக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இங்கு அனைவரும் நலம்.

மாப்பிள்ளை

மே 2

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

ஏழு வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பெட்டிகள் மட்டும் சொன்ன தேதியில் வந்தன, போயின. 31க்குப் பதிலாக வந்த பெட்டியின் மேல் உங்கள் கையெழுத்தில் "இதுவாவது பொருந்தட்டும்" என்று எழுதியிருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இத்துடன் அழைப்பிதழ். மே 18, காலை பத்து மணி. நீங்களும் அக்காவும் அவசியம் வர வேண்டும். நான் பெரிதாக அழைத்துப் பழகாதவன். ஆனால் இதற்கு நீங்கள் வராவிட்டால் எனக்கு அது திறப்பு விழா இல்லை. உங்கள் விருந்தாளி இன்னும் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். அந்நியராக நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் தங்கைக்கு முதல் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். நடைபாதை ஓரமாக. நடுவில் உட்கார்ந்தால் அவளுக்கு மூச்சு முட்டும்.

கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் எந்த அறையில் இருக்கிறேன் என்று தெரியச் சற்று நேரமாகிறது. எல்லா அறையும் ஒரே சாம்பல் நிறம். நானே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

வருவீர்கள் என்று எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை

மே 27

மாப்பிள்ளைக்கு,

விழாவுக்கு வரவில்லை. சர்க்கரை ஏறிவிட்டது என்று எழுதலாம். ஏறவில்லை. வர மனசில்லை. உங்கள் அக்காவும் வரவில்லை. எங்கள் விருந்தாளி அழைப்பிதழைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, பால் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிட்டார்.

செய்தித்தாளில் பார்த்தேன். பெரிய படம். எல்லோரும் கைதட்டுகிறார்கள். முதல் வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. கீழே, உடல்நலக் குறைவால் வர இயலாத தன் மனைவியை நினைவுகூர்ந்தார் என்று போட்டிருக்கிறது. நான் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து, "நினைவுகூர்ந்தாராமா?"ன்னு கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

உங்களை நான் குறைத்துப் பேசவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் என் குடோன் சுமைக்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆனது. இப்போது அவர் எனக்கு முன்னால் எடைத் தராசு முள்ளைப் பார்த்துவிடுகிறார். அப்பன் சொத்தை அழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை வைத்து நாலு பேரை வாழவைத்தவர் என் கண்ணில் நீங்கள் ஒருவர்தான். தங்கையை உங்களுக்குக் கொடுத்தபோது, பணக்கார வீடு, இவளை மதிப்பார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தப் பையன் யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்ல மாட்டான் என்று பதில் சொன்னேன். ஒரு சொல்லும் சொல்ல மாட்டீர்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போகட்டும். நாலு மாதமாக நலம் நலம் என்று எழுதினீர்கள். இப்போது உடல்நலக் குறைவு என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். கூடப்பிறந்தவன் நான். கவலை இருக்காதா? அதனால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். தங்கை கையால் ஒரு வரி எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள். "அண்ணா, நான் நலம்" என்று மட்டும். அவள் கையெழுத்து எனக்குத் தெரியும்.

அது வந்தால் நான் இனி ஒரு கேள்வி கேட்க மாட்டேன்.

மச்சான்

ஜூன் 15

மச்சானுக்கு,

வழக்கமாக எழுதும் முதல் வரியை இந்த முறை எழுத முடியவில்லை.

உங்கள் தங்கை வீட்டில் இல்லை. ஜனவரி எட்டாம் தேதியிலிருந்து இல்லை.

பதினைந்து நாளாக இந்த இரண்டு வரியை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். எழுதிய பிறகு பார்த்தால் சின்னதாக இருக்கிறது.

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வந்த டிரைவர், எந்த ஊர் டிக்கெட் என்று மாலையே சொல்லிவிட்டார். உங்கள் வீட்டைத் தவிர வேறெங்கே போவாள்? அதனால்தான் தேடவில்லை. உங்கள் தங்கை நலம் என்று எழுதியபோது பொய் எழுதுகிறோம் என்றும் தோன்றவில்லை. உங்களிடம் இருக்கிறவள் நலமாகத்தானே இருப்பாள்? சுவர் வண்ணம் அவள் தேர்ந்தெடுத்தாள் என்றது மட்டும் சுத்தப் பொய். அந்தக் கடிதத்தை அவள் படிப்பாள், படித்துவிட்டுக் கோபத்தில் "நான் எப்ப சொன்னேன்?" என்று நாலு வரி எழுதுவாள் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் நீங்கள், "அவள் இங்கேதான் இருக்கிறாள், வந்து அழைத்துக்கொண்டு போங்கள்" என்று எழுதுவீர்கள் எனக் காத்திருந்தேன். எழுதியிருந்தால் அடுத்த ரயிலில் வந்திருப்பேன். நீங்கள் விருந்தாளி என்று எழுதினீர்கள். சரி, வர வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அழைக்காத வீட்டுக்குப் போய் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, மச்சான். என்னிடம் தினமும் நாற்பது பேர் அப்படித்தான் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இந்த ஐந்து மாதத்தில்தான் தெரிந்தது.

அவள் ஏன் போனாள் என்பதும் தெரியும். எண் ஒட்ட வந்த அன்றைக்கு நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அந்தப் பசைக் காகிதம் நாற்காலியின் மெருகை உரித்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை மறைத்தால் மற்றதைச் சொன்னதில் அர்த்தமில்லை. நான் நாற்காலியைத்தான் பார்த்தேன். அதில் யார் இருந்தார்கள் என்பதை அவள் எழுந்து நின்ற பிறகுதான் பார்த்தேன்.

கேட்பவர்களுக்குக் கொடுக்க எனக்குத் தெரியும். அவள் முப்பத்தாறு வருஷமாக எதையும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை; பிறந்ததிலிருந்து எல்லாம் கேட்காமலே வந்தது. இப்போது கேட்கிறேன். அவளை வரச் சொல்லுங்கள். களைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை

ஜூன் 19

மாப்பிள்ளைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னை விட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கடிதத்தைப் பிரித்து முதல் இரண்டு வரியைப் பார்த்ததும் அப்படியே தங்கையிடம் கொடுத்துவிட்டேன். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். அவள் அண்ணி கதவோரம் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலியைப் பாத்தாராம்,"ன்னாள்.

"அதைத்தான் எழுதிட்டாரேம்மா,"ன்னேன்.

"எழுதிட்டார். அது சரி. நான் இங்க இருக்கறது முதல் நாளே தெரியுமாம். தெரிஞ்சும் அஞ்சு மாசம்." கடிதத்தை மடித்தாள். "ரெண்டு ஆம்பளைங்களும் நல்லா மரியாதை பண்ணிக்கிட்டீங்க."

அவள் சொன்னதில் என் பங்கும் இருக்கிறது. வெந்நீர்ப் பை பற்றி நீங்கள் எழுதியபோதே, உங்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். அவளுக்குக் கொடுத்த வாக்கு என்று வாயை மூடிக்கொண்டேன். நேருக்கு நேர் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் முடிகிற பேரத்தை, மாப்பிள்ளையிடம் நான் எப்படி முதலில் பேசுவது, மச்சானிடம் நான் எப்படி முதலில் பேசுவது என்று இரண்டு பேரும் தபால்காரர் முதுகில் ஏற்றிவிட்டோம். தொழிலில் நான் இப்படிச் செய்திருந்தால் இன்னும் சாக்குதான் கழுவிக்கொண்டிருப்பேன்.

கோபம் இருக்கட்டும், அப்புறமாகப் போ என்று அவள் அண்ணி கெஞ்சினாள். "எழுதினா போறேன்னு சொன்னேன். எழுதிட்டார். போகலைன்னா அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"ன்னு பெட்டியை எடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை வருகிறாள். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். அதற்கு வர வேண்டும் என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா என்பது எனக்குத் தெரியாது. இனி நடுவில் நான் இல்லை.

மச்சான்

ஜூலை 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்து சேர்ந்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது. அண்ணி கட்டிக் கொடுத்த சாப்பாடு ரயிலிலேயே தீர்ந்தது. மூன்று வாரமாக எழுதவில்லை என்று திட்டாதே. ஒரு முடிவு தெரியட்டும் என்றிருந்தேன்.

வர வேண்டாம் என்றால் இந்த மனுஷர் நிஜமாகவே ஸ்டேஷனுக்கு வரவில்லை. வாடகை வண்டி பிடித்து வீட்டு வாசலில் இறங்கினேன். வாட்ச்மேன் புது ஆள். "அம்மா, பெட்டியெல்லாம் உள்ள விடமாட்டாங்க. இங்க குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்குங்க. டிக்கெட் அந்தப் பக்கம்."

நான் யார் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல அலுப்பாக இருந்தது. வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினேன். என் வயசுக்குப் பாதி விலையாம்.

கூட்டத்தோடு கூட்டமாகக் கூடத்தைப் பார்த்தேன். அழகாகத்தான் செய்திருக்கிறார், அண்ணா. பொய் சொல்லக் கூடாது. மாடிக்குப் போனேன். என் அறை வாசலில் குறுக்கே ஒரு கயிறு. உள்ளே என் கட்டில், என் கண்ணாடி, நாற்காலி, பாதி படித்துக் கவிழ்த்து வைத்த புத்தகம், எல்லாம் நான் விட்டுவிட்டு வந்த மாதிரியே. சீப்பில் முடிகூட அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஓர் அட்டை: "நிறுவனரின் துணைவியார் வாழ்ந்த அறை. எதையும் தொட வேண்டாம்."

பக்கத்தில் நின்ற ஒரு பெண் உச்சுக் கொட்டினாள். "பாவம், எப்ப போனாங்களோ?"

"ஜனவரியில,"ன்னேன்.

கால் கடுத்தது. கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து கட்டிலில் படுத்துவிட்டேன். பயணக் களைப்பு, வேறொன்றுமில்லை. காவல்காரர் விசில் ஊதினார். அந்தப் பராமரிப்புப் பெண் ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு! "பயப்படாதம்மா, இன்னும் போகலை. அரை மணி தூங்கிட்டு எழுந்துக்கறேன்,"ன்னேன்.

கண் விழித்தபோது ஜனங்கள் யாரும் இல்லை. அவர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். அட்டை அவர் கையில் இருந்தது.

"செத்தவளுக்குப் போடற அட்டை,"ன்னேன். காது கேட்காதே, இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. கோபத்தை இரண்டு தரம் சொன்னால் பாதியாகிவிடுகிறது.

"எழுதினது அந்தப் பொண்ணு. நீ வெச்சது வெச்ச இடத்துல இருக்கணும்னு கயிறு கட்டச் சொன்னது நான். யாரையும் உள்ள விடல. நானும் போகல."

"என்னை வெச்ச இடத்துல நான் இருக்கலையே."

அட்டையைக் கவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு, "இங்க இருப்பியா?"ன்னார்.

"இங்க மாட்டேன். ஜனங்க வந்து பாக்கற வீட்ல நான் குடித்தனம் பண்ண மாட்டேன்."

"சரி," என்றார். அப்புறம், "நானும் உன்கூட வரலாமா?"

வரலாம் என்றேன். ஐந்து மாதக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நிறைய மிச்சம் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து அதைப் பட அங்கேயும் முடியும், இங்கேயும் முடியும். கூட ஆள் இருந்தால் அவ்வப்போது கொஞ்சம் அவர் மேல் போடலாம்.

போவது எங்கே என்று பார்த்தால், எல்லாவற்றையும் டிரஸ்டுக்கு எழுதியாயிற்று. அவர் பெயரில் ஒரு தகரக் கூரைகூட இல்லை. அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக வாடகைக்கு வீடு தேடினார். ஒன்பது வீடு பார்த்தோம். ஒவ்வொன்றிலும் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே அவருக்கு மூன்றாவது வீட்டில்தான் தெரிந்தது. கடைசியாக ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை அமைந்தது. வெயில் இரண்டு பக்கமும் வருகிறது. வீட்டுக்காரர் பழைய பஸ் கண்டக்டர். கறாரான ஆள்.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து முதலாளி மகன், அப்புறம் முதலாளி, அப்புறம் நிறுவனர். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

"ரிடையர் ஆயிட்டாரு,"ன்னேன்.

"எதுலேர்ந்து?"

"எல்லாத்துலேர்ந்தும்."

சம்மதமாகத் தலையாட்டிவிட்டுச் சட்டம் சொல்ல ஆரம்பித்தார். மோட்டார் ரெண்டு வேளைதான். பத்து மணிக்குக் கேட் பூட்டிடுவேன். மாடியில ஊறுகாய் காய வைக்கக் கூடாது. "அப்புறம் முக்கியமா ஒண்ணு. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது."

இவருக்குக் கேட்டிருக்காது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். கேட்டுவிட்டது. நாலு சுவரையும் ஒரு சுற்று பார்த்தார். வெறும் சுண்ணாம்பு அடித்த சுவர்.

"ஒண்ணுகூடவா?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட."

"சரிங்க," என்றார்.

முதல் தேதி குடி போகிறோம். அண்ணியை அழைத்துக்கொண்டு வா. இந்தத் தடவை எழுதிவிட்டு வராதே, சும்மா வந்து நில்.

தங்கை